கை தூக்கிய நண்பர்கள்

உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் யுத்தம் மூண்டுவிட்டால், மறுநாள் காலை மின்சார ரெயிலில் நம்மவர்கள் நடத்தும் விவாதத்தைக் கேட்க வேண்டும். சயானில் ஆரம்பித்தால் வி.டி. ஸ்டேஷன் வரை ஓயாது. "அவனுக்கு இவன் சிநேகிதன்தானே, ஏன் சும்மா இருக்கிறான்?" என்பதுதான் எப்போதும் முதல் கேள்வி. 2022-ல் ரஷ்யப் படை உக்ரைனுக்குள் புகுந்தபோது ஐ.நா. சபையில் இந்தியா யார் பக்கமும் ஓட்டுப் போடாமல் ஒதுங்கியது. பெட்டிக்குள் உடனே இரண்டு கட்சி உண்டாகிவிட்டது. "பழைய நண்பனைக் காட்டிக் கொடுக்கவில்லை, சபாஷ்!" என்று ஒரு கட்சி. "அடிபட்டவனுக்கு ஆதரவாக ஒரு கை தூக்கக்கூட நமக்குத் தெம்பு இல்லையா?" என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சியாரும் ஒன்றை மட்டும் சந்தேகிக்கவில்லை. நட்பு நாடு என்றால் யுத்தம் வந்ததும் நண்பன் பக்கம் போய் நிற்கும் என்பது அவர்கள் எண்ணம்.

அப்படித்தானா என்று பார்க்க, நடக்கிற சண்டை உதவாது. அதைப் பேசினால் ஆத்திரம்தான் வரும். முடிந்துபோன ஒரு சண்டையை எடுத்துக்கொள்வோம். நமக்கு வெகு தூரத்தில் நடந்தது. யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்ற விவரமெல்லாம் பெரும்பாலும் வெளியே வந்துவிட்டது. 1982-ம் வருஷத்துப் பாக்லாந்து தீவு யுத்தத்தைத்தான் சொல்கிறேன்.

தென் அமெரிக்காவின் தெற்கு முனையில், அர்ஜென்டினா கரையிலிருந்து சுமார் 300 மைல் தள்ளி இருக்கின்றன அந்தத் தீவுகள். பிரிட்டனிலிருந்து 8,000 மைல். அன்றைக்கு ஜனத்தொகை ஏறத்தாழ 1,800. தாராவியில் ஒரு சந்துக்குக்கூடக் காணாது. ஆடுகள் மட்டும் லட்சக்கணக்கில். 1833 முதல் பிரிட்டன் வசம் இருந்த அந்தத் தீவுகளை மால்வினாஸ் என்ற பெயரில் அர்ஜென்டினா உரிமை கொண்டாடி வந்தது. அங்கே அப்போது ராணுவ ஆட்சி. விலைவாசி தலைக்கு மேல் ஏறி, ஜனங்கள் தெருவில் இறங்கியிருந்த நேரம். ஜெனரல் கால்டியெரி 1982 ஏப்ரல் 2-ந் தேதி படையை அனுப்பித் தீவுகளைப் பிடித்தார். முந்தின நாள் வரை அவரைத் திட்டிய தலைநகரமே தெருவில் கூடி அவருக்கு ஜே போட்டது.

கால்டியெரி போட்ட கணக்கு சாதாரணமானதல்ல. அமெரிக்கா தமக்கு நண்பன் என்று நம்பினார். மத்திய அமெரிக்காவில் இடதுசாரிகளுக்கு எதிராக அமெரிக்கா நடத்திய மறைமுக வேலைகளில் அவருடைய ராணுவம் கூட மாட இருந்து உதவி செய்தது. அதற்குப் பிரதி உபகாரமாக வாஷிங்டன் கண்ணை மூடிக்கொள்ளும் என்று நினைத்தார். அப்படி நினைக்க அடையாளமும் இருந்தது. ஐ.நா.வில் அமெரிக்கத் தூதராக இருந்த ஜீன் கிர்க்பாட்ரிக் அம்மையார், தீவுகள் பிடிபட்ட அதே நாள் இரவு அர்ஜென்டினாத் தூதரகத்தில் தமக்கு நடந்த விருந்தில் கலந்துகொண்டார்!

விதிப் புத்தகம் சொன்னது

ஒப்பந்தக் காகிதத்தை மட்டும் வைத்துப் பார்த்தாலும் கால்டியெரியின் கட்சி வலுவாகத்தான் தெரிந்தது. விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பிழைக்கிற குமாஸ்தா என்பதால் எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். அமெரிக்காவும் பிரிட்டனும் நேட்டோ என்ற ராணுவக் கூட்டில் இருக்கின்றன. ஒருவர் மேல் விழுந்த அடி எல்லார் மேலும் விழுந்த அடி என்பது அதன் 5-வது ஷரத்து. ஆனால் 6-வது ஷரத்து அதற்கு எல்லை கட்டுகிறது. அட்லாண்டிக் கடலில் கடக ரேகைக்கு வடக்கே உள்ள தீவுகளுக்குத்தான் அது செல்லும். பாக்லாந்து தீவுகளோ பூமத்திய ரேகையையும் தாண்டி, தெற்கே கிட்டத்தட்டப் பனி முனைக்குப் பக்கத்தில்.

அமெரிக்கா இன்னொரு காகிதத்திலும் கையெழுத்துப் போட்டிருந்தது. 1947-ல் ஏற்பட்ட ரியோ ஒப்பந்தம் அது. அமெரிக்கக் கண்டத்து நாடு ஒன்றை வெளியார் தாக்கினால் எல்லாரும் சேர்ந்து தடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். அது வரைந்த எல்லைக்குள் பாக்லாந்து தீவுகளும் அடங்கும். ஆக, எழுத்துப்படி பார்த்தால் பிரிட்டனுக்கு உதவ அமெரிக்காவுக்குக் கடமை இல்லை. அர்ஜென்டினாவுக்கு உதவக் கடமை உண்டு என்றுகூட ஒரு வக்கீல் வாதாடலாம். முதல் அடி அடித்தது அர்ஜென்டினாதான், ஆகவே ஷரத்து செல்லாது என்று அமெரிக்கா சொல்லிவிட்டது. காரணம் நியாயமானதுதான். ஆனாலும் யாருக்கு உதவுவது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, பிறகு ஷரத்தைத் தேடியது போலத்தான் எனக்குப் படுகிறது. எந்த ஆபீசிலும் பெரிய அதிகாரிகள் செய்வதுதானே இது.

பிரிட்டன் செய்த முதல் காரியம் கப்பலை அனுப்பியது அல்ல, ஓட்டுச் சேகரித்தது. ஐ.நா. பாதுகாப்புச் சபையில் பிரிட்டனின் தூதர் சர் அந்தோணி பார்சன்ஸ் ஒரு தீர்மானத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடினார். அர்ஜென்டினா படை வெளியேற வேண்டும், பிறகு இரு தரப்பும் பேச வேண்டும் என்பது தீர்மானம். 15 ஓட்டில் 9 வேண்டும். ஜோர்டானின் ஓட்டு ஊசலாடியது. பிரதமர் தாட்சர் நேரே மன்னர் உசேனுக்கு டெலிபோன் போட்டார். ஏப்ரல் 3-ந் தேதி தீர்மானத்துக்கு 10 ஓட்டுக் கிடைத்தது. எதிர்த்தது பனாமா மட்டும். ரஷ்யா, சீனா, போலந்து, ஸ்பெயின் ஆகிய நான்கும் ஒதுங்கின.

ஒவ்வொரு கை தூக்கலுக்கும் பின்னால் ஒரு வீட்டுக் கதை உண்டு. கயானா பிரிட்டனுக்கு ஓட்டுப் போட்டதே, அது பிரிட்டன் மேல் இருந்த பிரியத்தாலா? தன் நிலத்தில் பெரும் பகுதியை வெனிசூலா கேட்டுக்கொண்டிருக்கும்போது, பலத்தால் நிலத்தைப் பிடிப்பது சரி என்று கயானா எப்படிச் சொல்லும்? ஸ்பெயினுக்கோ ஜிப்ரால்டர் பிரிட்டன் கையில் இருக்கிற எரிச்சல். அர்ஜென்டினா பேசுவதும் ஸ்பானிஷ் மொழி. அதே சமயம் நேட்டோவில் சேர வாசற்படியில் நின்றுகொண்டிருந்த நேரம் அது. அடுத்த மாதம் 30-ந் தேதி சேர்ந்தும்விட்டது. அதனால் எந்தப் பக்கமும் கை தூக்கவில்லை.

இன்னும் வேடிக்கை ரஷ்யா. தடை ஓட்டு அதன் சட்டைப் பையிலேயே இருந்தது. ஏகாதிபத்தியம் ஒழிக என்று தினமும் சொல்கிற நாடு. ஆப்கானிஸ்தானத்துக்குள் அது படை அனுப்பியதற்காக 1980-ல் அமெரிக்கா தானியம் விற்க மறுத்தபோது, தானியம் விற்று அதைக் காப்பாற்றியது அர்ஜென்டினாதான். அப்படிப்பட்ட வாடிக்கைக்காரனுக்கு ஆபத்து என்றதும் தடை ஓட்டைப் போட்டிருக்க வேண்டாமா? போடவில்லை. கம்யூனிஸ்டு எதிர்ப்பையே மூச்சாகக் கொண்ட ஒரு ராணுவ ஆட்சிக்காகத் தன் பேரைச் செலவு செய்ய ரஷ்யாவுக்கு மனமில்லை. கோதுமை வாங்கியதற்குக் காசு கொடுத்தாயிற்று. பாக்கி ஒன்றும் இல்லை என்பது போல இருந்துவிட்டது.

ஒரு மாதச் சமரசம்

அமெரிக்க வெளிநாட்டு மந்திரி அலெக்சாண்டர் ஹெய்க் லண்டனுக்கும் பியூனஸ் அயர்சுக்குமாகப் பறந்தார். ஏப்ரல் 8-ல் தொடங்கிய அந்தப் பயணத்தில் இரு தலைநகருக்கும் நடுவில் ஆயிரக்கணக்கான மைல். நாங்கள் நடுநிலை என்று வாயால் சொன்னார்கள். கையால் செய்தது வேறு. ராணுவ மந்திரி காஸ்பர் வெய்ன்பெர்கர் பிரிட்டன் கேட்டதையெல்லாம் கேட்ட மாத்திரத்தில் கொடுக்க உத்தரவு போட்டிருந்தார். பாதி வழியில் உள்ள அசென்ஷன் தீவு பிரிட்டனுடையது. அங்கே விமானதளத்தை நடத்தியது அமெரிக்கா. அங்கே விமான பெட்ரோல் குவிந்தது. புதிய ரக சைட்விண்டர் ஏவுகணைகள் வந்தன. பிரிட்டிஷ் ஹாரியர் விமானங்கள் அர்ஜென்டினா விமானங்களை வீழ்த்தியதில் பெரும் பங்கு அந்த ஏவுகணைகளுக்குத்தான். வெய்ன்பெர்கருக்குப் பின்னால் 1988-ல் பிரிட்டிஷ் ராணியார் கௌரவ நைட் பட்டம் கொடுத்ததில் அதிசயம் இல்லை.

நடுநிலையை ஏப்ரல் 30-ல் அமெரிக்கா பகிரங்கமாகக் கைவிட்டது. பிரிட்டன் பக்கம் என்று அறிவித்து, அர்ஜென்டினா மீது சில தடைகளையும் போட்டது. மே 2-ந் தேதி பிரிட்டிஷ் நீர்மூழ்கி ஒன்று ஜெனரல் பெல்கிரானோ என்ற அர்ஜென்டினாக் கப்பலை மூழ்கடித்தது. 323 பேர் இறந்தார்கள். மே 4-ந் தேதி பிரிட்டனின் ஷெபீல்டு கப்பல் மீது ஏவுகணை பாய்ந்து 20 பேர் இறந்தார்கள்.

என் ஆட்சேபம் இந்தத் தேதிகளைப் பற்றித்தான். ஏப்ரல் முதல் வாரத்திலேயே, "தம்பி, நாங்கள் பிரிட்டன் பக்கம்தான் நிற்போம், இறங்கி வந்துவிடு" என்று கால்டியெரியிடம் ஊரறியச் சொல்லியிருந்தால்? ரீகன் முதல் நாள் இரவே டெலிபோனில் எச்சரித்தார், கால்டியெரி கேட்கவில்லை என்பார்கள். உண்மை. ஆனால் அந்தரங்கமாகச் சொன்ன எச்சரிக்கையின் மேல், பகிரங்கமாகச் சொன்ன நடுநிலை ஒரு மாதம் குந்தியிருந்தது. வெளியே சொன்னதைத்தான் தமக்குச் சாதகமாக அந்த ஜெனரல்கள் எடுத்துக்கொண்டார்கள். நடுநிலை என்று சொன்னால்தானே சமரசம் பேச முடியும் என்று ஹெய்க்குக்காகப் பேசுகிறவர்கள் உண்டு. அதுவும் தள்ளிவிடக்கூடிய வாதமல்ல. ஆனால் சமரசத்துக்கு நாள் குறித்தது யார்? பிரிட்டிஷ் கப்பல்கள் 8,000 மைல் போய்ச் சேர மூன்று வாரத்துக்கு மேல் ஆகும். கப்பல் போய்ச் சேருகிற வரை பேச்சு நடந்தது, சேர்ந்ததும் நின்றது. கப்பலின் டைம்டேபிள்தான் சமரசத்தின் டைம்டேபிளாக இருந்தது.

ஐரோப்பாக்காரர்கள் கதை இதற்கு நேர் மாறு. ஆரம்பத்தில் வேகம், போகப் போக அலுப்பு. பொதுச் சந்தையின் பத்து நாடுகளும் ஏப்ரல் 10-ந் தேதியே ஒருமனதாக அர்ஜென்டினாச் சரக்குகளை வாங்குவதில்லை என்று முடிவு செய்தன. ஒரு மாதத்துக்கு. பெல்கிரானோ மூழ்கியதும் அயர்லாந்துக்கு மனம் மாறியது. அதற்குப் பிரிட்டனுடன் பழைய பகையும் உண்டு, தான் நடுநிலை நாடு என்ற கொள்கையும் உண்டு. இத்தாலிக்கு வேறு சங்கடம். பிழைப்புத் தேடிக் கப்பலேறிப்போன இத்தாலியர்களின் பேரப் பிள்ளைகள் அர்ஜென்டினாவில் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அங்கே விழுகிற குண்டு தன் மாமன் மகன் தலையில் விழலாம். ஊர் விட்டு ஊர் வந்து பிழைக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு இத்தாலியின் சங்கடம் புரியாமல் போகாது. மே 17-ந் தேதி தடையை நீட்டித்தபோது இந்த இரண்டு நாடுகளும் விலகிக்கொண்டன. மற்றவர்களும் ஒரே ஒரு வாரத்துக்குத்தான் நீட்டினார்கள்.

மறுநாள் நடந்ததுதான் விசேஷம். விவசாய விலை விவகாரத்தில் பிரிட்டன் வழக்கம்போலத் தடை ஓட்டு உரிமையைக் காட்டியது. அதுவரை எந்த நாடும் தன் முக்கிய நலன் என்று சொன்னால் மற்றவர்கள் விட்டுக்கொடுப்பது மரபு. அன்றைக்கு விட்டுக்கொடுக்கவில்லை. பெரும்பான்மை ஓட்டில் பிரிட்டனைத் தோற்கடித்தார்கள். எட்டாயிரம் மைல் தொலைவில் நீ சண்டை போட நாங்கள் மாட்டிறைச்சி வாங்காமல் இருக்கிறோம். இங்கே பால் விலைக்கு எங்களைத் தடுக்கிறாயா என்று யாரும் வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

பிரான்சைப் பற்றி ஒரு வார்த்தை. மித்தரான் சண்டை தொடங்கிய மறுநாளே தாட்சருக்கு ஆதரவு தெரிவித்தார். எக்சோசெட் என்ற பிரெஞ்சு ஏவுகணை மேலும் அர்ஜென்டினாவுக்குப் போகாமல் தடுத்தார். பெரு நாட்டுக்குச் சேர வேண்டியதைக்கூட, கை மாறிவிடும் என்று நிறுத்தி வைத்தார். ஷெபீல்டு கப்பலை அடித்தது ஏற்கெனவே விற்ற எக்சோசெட். மே 25-ல் அட்லாண்டிக் கன்வேயர் என்ற சரக்குக் கப்பலை அடித்ததும் அதுவே. விற்றபோது அது வியாபாரம்.

இன்னொரு கை தூக்கல்

ஜூன் 4-ந் தேதி பாதுகாப்புச் சபையில் இன்னொரு தீர்மானம் வந்தது. ஸ்பெயினும் பனாமாவும் கொண்டுவந்த போர்நிறுத்தத் தீர்மானம். வெற்றியின் வாசலில் நின்ற பிரிட்டனுக்கு அது பிடிக்கவில்லை. ஏப்ரலில் பிரிட்டனுக்குக் கை தூக்கிய ஜப்பான், அயர்லாந்து, உகாண்டா, ஜயர் நான்கும் இந்தத் தடவை எதிர்ப்பக்கம். பிரான்சு, ஜோர்டான், கயானா, டோகோ நான்கும் ஒதுங்கின. ஆதரவு ஒன்பது. எதிர்த்தவை இரண்டே இரண்டு: பிரிட்டனும் அமெரிக்காவும். இரண்டுக்கும் தடை ஓட்டு உரிமை இருப்பதால் தீர்மானம் செத்தது. இரண்டு மாதத்துக்குள் பத்து நண்பர்கள் இரண்டாகிவிட்டார்கள்.

அதோடும் முடியவில்லை. கை தூக்கிய சற்று நேரத்துக்கெல்லாம் கிர்க்பாட்ரிக் அம்மையார் எழுந்து, எங்கள் ஓட்டை மாற்ற முடியுமானால் ஒதுங்கியதாக மாற்றிக்கொள்வோம் என்று சபையில் அறிவித்தார். ஒதுங்கும்படி வந்த உத்தரவு, ஓட்டுப் போட்டு முடித்த பிறகு அவர் கைக்கு வந்து சேர்ந்ததாம். மந்திரியோ அப்போது பிரான்சில் மாநாட்டில் இருந்தார். வண்டி ஸ்டேஷனை விட்டுப் போன பிறகு "நிறுத்தி வை" என்று கண்ட்ரோல் ஆபீசிலிருந்து டெலிபோன் வருவது எங்களுக்குப் பழக்கம். உலகத்தின் முதல் வல்லரசுக்கும் அது நேரும் என்று அறிந்ததில் ஒரு சிறு திருப்தி!

பக்கத்து வீடுகளையும் பார்க்க வேண்டும். தென் அமெரிக்க நாடுகள் ரியோ ஒப்பந்தப்படி கூடி, 17 ஓட்டில் அர்ஜென்டினாவின் உரிமையை ஆதரித்தன. பொருளை அள்ளிக் கொடுத்தவர்கள் குறைவு. வார்த்தையை அள்ளிக் கொடுத்தவர்கள் நிறைய. எல்லைத் தகராறு காரணமாக அர்ஜென்டினாவைக் கண்டால் ஆகாத சிலி, ஓட்டுப் போடாமல் ஒதுங்கியதோடு, ரகசியமாகப் பிரிட்டனுக்கு உளவும் சொன்னது. 1999-ல் சிலியின் பழைய சர்வாதிகாரி பினோசே லண்டன் அருகே வீட்டுக் காவலில் இருந்தபோது, தாட்சர் அம்மையார் தேடிப் போய் நன்றி சொல்லிவிட்டு வந்தார்.

இந்தியா? கூட்டுசேரா நாடுகளின் மாநாடு 1983 மார்ச்சில் டெல்லியில் நடந்தபோது அர்ஜென்டினாவின் உரிமையை ஆதரித்துத்தான் அறிக்கை வந்தது. மூன்று வருஷத்துக்குப் பிறகு, அந்த அர்ஜென்டினாவைத் தோற்கடித்த பிரிட்டிஷ் கடற்படையின் தலைமைக் கப்பலான ஹெர்மிசை நம் சர்க்கார் விலைக்கு வாங்கியது. அதுதான் விராட். கொலாபா, கோட்டைப் பக்கம் வேலைக்குப் போய் வந்தவர்கள் பலர் துறைமுகத்தில் அதைப் பார்த்திருப்பார்கள். 2017-ல் ஓய்வு கொடுத்து, 2020-ல் உடைப்பதற்கு குஜராத்திலுள்ள ஆலங் கடற்கரைக்கு இழுத்துப் போனார்கள். ஓட்டு ஒரு பக்கம், வியாபாரம் ஒரு பக்கம். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஒன்றும் இல்லை. ஆனால் மற்ற நாட்டுக்காரன் அதையே செய்யும்போது மட்டும் துரோகம் என்று பெட்டி அதிரக் கத்தக்கூடாது.

நமக்கு நண்பன் நின்ற சமயமும் உண்டு. 1971 டிசம்பரில் வங்காள தேச யுத்தத்தின்போது பாதுகாப்புச் சபையில் ரஷ்யா மூன்று தடவை தடை ஓட்டுப் போட்டது. பொதுச் சபையில் 104 நாடுகள் போர்நிறுத்தம் கேட்டு ஓட்டுப் போட்டன. நம் பக்கம் 11 தான். அதை மறக்கக்கூடாது என்று சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அதே டிசம்பரில் பாதுகாப்புச் சபையில், அமெரிக்காவின் நெருங்கிய கூட்டாளிகளான பிரிட்டனும் பிரான்சும் அமெரிக்காவோடு சேர்ந்து நமக்கு எதிராகக் கை தூக்காமல் ஒதுங்கின. அதையும் கூடவே நினைத்துக்கொள்ள வேண்டும். ஒதுங்குவதும் ஒரு உதவிதான். சில சமயம் அதுதான் பெரிய உதவி.

இந்த ஓட்டுக் கணக்கில் வராதவர்கள் சிலர் இருக்கிறார்கள். அர்ஜென்டினா சிப்பாய்களில் பெரும்பாலோர் கட்டாயச் சேவையில் வந்த பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்கள். வெயில் காயும் வடக்கு மாகாணங்களிலிருந்து வந்தவர்களும் உண்டு. பனி விழும் குழியில், அரைவயிற்றுச் சாப்பாட்டோடு காத்துக்கிடந்தார்கள். மறு பக்கத்தில் நேபாளத்து கூர்க்காப் பட்டாளம் ஒன்று, மலை கிராமத்துக்கு மணியார்டர் அனுப்பும் பிழைப்பில், உல்லாசக் கப்பல் குயீன் எலிசபெத்-2-ல் ஏறிப் போனது. அவர்களில் ஒருவர் சண்டை நின்ற பிறகு, பதுங்குகுழியை மூடும் வேலையில் வெடித்து இறந்தார். ஜூன் 14-ல் அர்ஜென்டினா சரணடைந்தபோது கணக்கு இது: அர்ஜென்டினா தரப்பில் 649 பேர், பிரிட்டிஷ் தரப்பில் 255 பேர், தீவுவாசிகளில் மூன்று பெண்கள். ஏப்ரல் மாதம் முழுதும் நண்பர்கள் பொறுமையாக, மரியாதையாக, இரண்டு பக்கத்துக்கும் நல்லவர்களாக நடந்துகொண்டதன் விலையில் ஒரு பகுதி இந்தக் கணக்கில் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

ஐந்து மாதம் கழிந்தது. 1982 நவம்பர் 4-ந் தேதி ஐ.நா. பொதுச் சபையில் ஒரு தீர்மானம் வந்தது. பாக்லாந்து பற்றி பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மறுபடி உட்கார்ந்து பேச வேண்டும் என்றது அது. தாட்சருக்கு அந்தப் பேச்சே ஆகாது. ஓட்டெடுப்பில் 90 நாடுகள் ஆதரித்தன, பிரிட்டனோடு சேர்த்து 12 நாடுகள் எதிர்த்தன. அந்த 90-ல் அமெரிக்காவும் ஒன்று. தென் அமெரிக்காவில் கெட்டுப்போன பேரைச் சரி செய்ய வேண்டியிருந்தது. அடுத்த வருஷம் அக்டோபரில், பிரிட்டிஷ் ராணியாரைத் தலைவியாகக் கொண்ட கிரனடா தீவுக்குள் அமெரிக்கப் படை இறங்கியது. தாட்சருக்கு முந்தின நாள் இரவுதான் தகவல் வந்தது. படையெடுப்பைக் கண்டித்து ஐ.நா.வில் தீர்மானம் வந்தபோது, பிரிட்டன் ஆதரிக்கவும் இல்லை, எதிர்க்கவும் இல்லை. ஒதுங்கிக்கொண்டது.